முப்பத்தாறு வயது நாய்

நீலக் கைபேசி அடித்தால் டாக்டரம்மா ஓடுவார். நடையெல்லாம் கிடையாது, ஓட்டம்தான். நகம் வெட்டிக்கொண்டிருந்த முயலை உரியவரின் மடியில் வைத்துவிட்டு, "தோ வந்துட்டேன், காதைப் புடிச்சு மட்டும் தூக்கிடாதீங்க" என்றபடியே பின்னாலிருக்கும் நாய் குளிப்பாட்டும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே கவிழ்த்த வாளிதான் நாற்காலி.

அந்தக் கைபேசியின் உதவி எண் கால்நடை மருத்துவர்களுக்கு மட்டுமானது. குடி, போதை ஊசி, மனச்சோர்வு என்று உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருப்பவர்கள் அழைப்பார்கள். எடுப்பவர்களும் கால்நடை மருத்துவர்களே. பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. இதைப் பற்றி எழுத வந்த நானும், அப்படி அழைத்த ஒருவரின் கதையை அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். "பேருக்குப் பதிலா நாய்னே போடுங்க தம்பி" என்று சிரித்தார் அவர்.

"நம்ம ஆளுங்க நேரா பேசவே மாட்டாங்க" என்கிறார் டாக்டரம்மா. "வாயில்லா ஜீவனையே பாத்துப் பாத்து, தனக்கு வலிச்சா வாயே இல்லாம போயிடுது."

மழைக்காலத்தில் அந்த மருத்துவர் முதலில் அழைத்தபோதும் அப்படித்தான்.

"ஒரு கேஸ் பத்தி கேக்கணும் டாக்டர். நாய். தீனி எடுக்கல. மூலையிலயே சுருண்டு கெடக்குது."

"வயசு?"

"முப்பத்தாறு."

எந்த ஊர் நாய் முப்பத்தாறு வயது வாழ்ந்தது? டாக்டரம்மா சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை.

"தூங்குதா?"

"ஊசி போட்டாதான்."

"யாரு போடுறா?"

"அதுவே போட்டுக்குது."

"மருந்து அலமாரி சாவி எங்க இருக்கு?"

"நாய்கிட்டதான்."

"ஏன் சார், சாவியை யாராவது நாய்கிட்ட குடுப்பாங்களா?"

அவர் வெடித்துச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அழுது ஓயும்வரை காத்திருந்து டாக்டரம்மா சொன்னார்: "என் சாவியும் என்கிட்ட இல்ல சார். எங்க அக்கா கழுத்துல தொங்குது. நானும் ஒரு காலத்துல அதே நாய்தான்."

அக்கா என்றது மருத்துவமனை உதவியாளரை.

அன்றே அழைத்தவருடைய சாவியும் கைமாறியது. மனநல மருத்துவர், சிகிச்சை மையம், நீண்ட விடுப்பு. இன்று அவர் மறுபடியும் அறுவை மேசை முன் நிற்கிறார். கை நடுங்குமா, மருந்துப் புட்டியைக் கண்டால் மனம் நழுவுமா, அவருக்கே தெரியாது. முடிந்ததும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

டாக்டரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். என் தேர்வு முடிவு வந்த அன்று அம்மா அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாளே, அதே நடை. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டாமலே ஒரு பூனையின் மார்பில் வைத்து, "இதயம் நல்லா அடிக்குது" என்றார்.

"உங்களுதா, பூனையோடதா?" என்றார் அக்கா. "அதுக்குக் கால்ல அடி, டாக்டர்."

நீலக் கைபேசி அடித்தது. ஓட்டம். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வாளி தடதடவென்று உருளும் சத்தம்.

அவர் சொன்னது இவ்வளவுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்: "டாக்டர், நாய் இல்ல. நான். நான்தான் பேசறேன். ஆபரேஷன் முடிஞ்சுது. கை நடுங்கல."

டாக்டரம்மா மூக்குச் சிவக்க, முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"என்ன டாக்டர், லாட்டரியா?"

"ஒண்ணுமில்லக்கா. பூனைக்கு வலி ஊசி போட்டுடலாம்."

பூனை சீறிக்கொண்டு திமிறியது. இரு கையாலும் அதை அமுக்கிப் பிடித்திருந்த அக்கா, அவசரத்தில் கழுத்தை நீட்டினார். "என்னால விட முடியாது. சாவியை நீங்களே எடுத்துக்குங்க."

டாக்டரம்மா சாவியைத் தொடாமல் பூனையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். அது புறங்கையில் நீளமாகக் கீறியது. விடாமல் மார்போடு அணைத்தபடி, மோவாயால் அக்காவுக்கு அலமாரியைக் காட்டினார்.