வெளுக்காத சிவப்புப் பொட்டு

சலவைக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் கரியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனை விரிப்புகளைத் துவைக்கிற கூடம் அது. எண்ணெயை எரித்து நீராவி எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு வருடக் கரி அவருடைய நகக்கண்ணில் குடியிருந்தது.

புகை கறுப்பாக வருகிறதென்று பக்கத்துத் தெருக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். பர்னரில் எண்ணெயைப் பீய்ச்சுகிற நாசில் தேய்ந்துவிட்டது, எண்ணெய் பொடியாகச் சிதறாமல் பாதி எரிந்தும் எரியாமலும் கரியாகப் போகிறது, மாற்றுங்கள் என்று அவர் நாலு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலாளர் நாசிலை வாங்கவில்லை. ஒரு கேன் மருந்து வாங்கி வந்தார். இரும்பு சேர்ந்த மருந்து. எண்ணெயில் கலந்தால் கரியைத் தீக்குள்ளேயே எரித்துவிடும் என்றான் விற்க வந்தவன். அது பொய்யில்லை. ஒரே நாளில் புகைபோக்கிக்கு மேலே வெறும் வானம்தான் தெரிந்தது.

"இனிமே நீ வெள்ளையண்ணன்தான்யா!" என்று மேலாளர் முதுகில் தட்டினார். தட்டிய கையை உடனே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அதையும் கரியண்ணன் பார்த்தார்.

மூன்றாம் வாரம் துப்புரவுக்காகக் கொதிகலன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே கரி இல்லை. குழாய்களின் மேல் செங்கல்லை அரைத்து அப்பியது போலச் சிவப்புத் தூள். மூக்கில் ஏறியது, நாக்கில் இரும்பாகக் கசந்தது, துப்பிய எச்சில் வெற்றிலை போட்டவன் எச்சில் மாதிரி இருந்தது. குழாய் துருப்பிடித்துவிட்டது என்று பதறிப் பதிவேட்டில் அப்படியே எழுதியும் வைத்தார்.

அந்த வாரமே இஸ்திரிப் பிரிவிலும் ரகளை. அங்கேதான் அவருடைய அக்கா வேலை பார்த்தாள். தலையணை உறைகளில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் பொட்டுகள். துவைக்கிறவர்கள் கறை என்றால் பிளீச்சிங் என்று பழகியவர்கள். இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்கள். பொட்டு வெளுக்கவில்லை. காய்ந்த ரத்தம் போலக் கறுத்து நூலுக்குள் இறங்கிக்கொண்டது. மருத்துவமனை மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டது. அக்காவின் இஸ்திரிப் பெட்டியில்தான் துரு, சனிக்கிழமையோடு அவள் வேலையை விட்டு நிற்கட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு உறையைக் கொண்டுவந்து தம்பியின் தூக்குவாளிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"சோத்துக்குப் பக்கத்துல எதுக்குக்கா இந்தக் கருமத்தை வைக்கிற?"

"பாருடா. என் பெட்டியை வேணா அந்தாளு நக்கிப் பாக்கட்டும். துரு இருந்தா இன்னிக்கே போயிடறேன். இல்லாத துருவுக்கு நான் ஏன் போகணும்?"

பார்த்தார். அந்தச் சிவப்பை அவருக்குத் தெரியும். சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கொதிகலனுக்குப் போனார். தீயை அணைத்து ஆறவிட்டு, குழாயை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். அடியில் இரும்பு வழவழவென்று, ஒரு அரிப்பு இல்லாமல் இருந்தது. அப்படியானால் இந்தத் துரு குழாயுடையது இல்லை. மருந்துடையது. கரியைத் தின்ற இரும்பு எங்கும் மாயமாகிவிடவில்லை. துருத்தூளாகிப் பாதி இங்கே ஒட்டிக்கொண்டது, மீதி புகைபோக்கி வழியாகத் துணி காயும் மாடியில் இறங்கியிருக்கிறது. பதிவேட்டில் தான் எழுதியதை நினைத்து அவருக்கே சீ என்று இருந்தது.

மறுநாள் காலை மருந்து கலந்த எண்ணெயை எரித்து, மாடியில் ஒரு ஈர உறையை விரித்தார். பிற்பகலில் மருந்தில்லாத எண்ணெய், இன்னொரு உறை. இரண்டையும் துவைக்கக் கொடுத்து வாங்கி, மேலாளரின் மேசையில் போட்டார்.

"ரெண்டுமே இஸ்திரி படாத உறை சார். மருந்தில்லாததுல கரி விழுந்துச்சு, சோப்புல போயிடுச்சு. இதுல பாருங்க, சிவப்பு அப்படியே உக்காந்திருக்கு."

மேலாளர் பேனா முனையால் உறையைத் தள்ளினார். "சரிய்யா, உங்கக்கா இருக்கட்டும். துணியை உள்ள காயப்போடச் சொல்லு. மருந்தை மட்டும் நிறுத்தாதே. கண்ணுக்குத் தெரியாத புகைக்கு எவன் புகார் கொடுப்பான்?"

கரியண்ணன் மேசை மேலிருந்த மேலாளரின் கைக்குட்டையை எடுத்தார். பலமாக மூக்கைச் சிந்தினார். விரித்துக் காட்டினார். நடுவில் சிவப்பு.

"சீ! என்னய்யா இது, அசிங்கம்!"

"இதைத்தான் சார் பக்கத்துத் தெரு மூக்குக்கும் அனுப்பிட்டிருக்கோம். நாசில் வர்ற வரைக்கும் நான் பத்தவைக்க மாட்டேன்."

கொதிகலன் நின்றது. வெந்நீர் நின்றது. ஈர மூட்டைகள் நாற ஆரம்பித்தன. நாலு மாதமாக வராத நாசில் மறுநாள் மத்தியானமே வந்து சேர்ந்தது.

அதைப் பொருத்தி, தீக்குக் காற்று விடுகிற கதவைச் சரிசெய்தார். மருந்தில்லாமலே புகை மெலிந்தது. பதிவேட்டில் 'குழாய் துரு' என்பதை அடித்து 'மருந்துத் துரு' என்று எழுதினார். குழாய்களைச் சுரண்ட இரண்டு நாளாயிற்று. சுரண்டச் சுரண்டத் துப்பிக்கொண்டே இருந்தார்.

இஸ்திரிப் பிரிவு வாசலிலிருந்து அக்கா கிண்டலாகக் கூப்பிட்டாள். "வெள்ளையண்ணே, சாப்பிட வரலையா?"

"அந்தப் பேரைச் சொல்லாதேக்கா. சோறு இறங்காது."