சந்தனக் கறை பட்ட ரிவால்வரோடு இல்-பிசாருக்கு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மகள் உறங்கிய பிறகுதான் எனக்குக் கை ஓய்கிறது. இன்று எழுதாவிட்டால் பிறகு எழுதமாட்டேன்.

சென்ற சனிக்கிழமை இல்-பிசார் தீவுக்குப் போய்வந்தோம். என் கணவர் சுதன் பழைய போட்டி ரிவால்வர்கள் சேர்ப்பவர். இலக்குப் பலகையைச் சுடுவதற்கென்றே செய்தவை. நீளக் குழல், மரப் பிடி. கோட்-டெ-நெய்ஜில் எங்கள் இரண்டு அறை வீட்டில் மூன்று இருக்கின்றன. (மகளுக்குத் தனிக் கட்டில் போட இடமில்லை, அது வேறு கதை.) நவராத்திரியில் ஆயுத பூசைக்கு அவற்றில் ஒன்றைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் சாத்தினார். "விசைக்குப் பூட்டுப் போட்டுத்தான் வைச்சனான்" என்றார். மேலே பட்டுத்துண்டு மூடியிருந்தது, நம்பினேன். மறுநாள் துடைத்தால் இரும்பில் கறை. அதை எடுக்கத்தான் இந்தப் பயணம்.

போகிறவர்களுக்கு: எங்கள் வீட்டிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர். காலை பத்துக்குப் புறப்பட்டு, பியர்பொன்ட்ஸ் தாண்டிப் பாலத்தில் ஏற முக்கால் மணித்தியாலம். பாலத்துக்குக் கட்டணம் இல்லை. துப்பாக்கி கொண்டுபோகும் அனுமதிப் பத்திரமும் பூட்டிய பெட்டியும் கட்டாயம். பெட்டி டிக்கியில் இருந்தது. வீதியில் ஒவ்வொரு குழிக்கும் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

பீட்டர் அண்ணை மன்னார்க் கத்தோலிக்கர், உரிமம் பெற்ற துப்பாக்கி திருத்துநர். பட்டறை அவருடைய வீட்டின் நிலவறையில். விளக்கின் கீழே பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"சைவக்காரர் நீங்கள் இரும்பையும் விடமாட்டியளோ? நல்லகாலம், இதில தேங்காய் உடைக்கேல்லை."

பிறகு கண்ணாடியை இறக்கி விசையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தம்பி, விசையிலயும் பொட்டுக் கறை இருக்கு. பூட்டுப் போட்டிருந்தா இந்த இடம் மூடியெல்லோ இருக்கும்? அதோட இது உம்மட விரலும் இல்லை. சின்ன விரல்."

என் மடியில் இருந்த நான்கு வயது மகள் பெருமையாகச் சொன்னாள்: "நான்தான் வைச்சனான்! பப்பா என்னைத் தூக்கிப் பிடிச்சவர்."

பூசைக்கு அவர் சந்தனம் சாத்திய நேரம் நான் அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன்.

"குண்டு இல்லைத்தானே, ஏன் இப்பிடிப் பாக்கிறீர்?" என்றார் சுதன்.

"அது அவளுக்குத் தெரியுமோ? இனி இது வீட்டை வரக்கூடாது" என்றேன்.

"இப்ப இதை ஆருக்கு விக்கிறது? விட்டாத் திரும்ப ஒண்டு வாங்கேலாது."

"அது உண்மை தங்கச்சி, இஞ்ச கைத்துப்பாக்கி வாங்கி விக்கிறதை நிப்பாட்டிப்போட்டாங்கள், சட்டம் அப்பிடி" என்றார் பீட்டர் அண்ணை. "ஆனா உள்ளுக்கு வெல்ட் பண்ணி விடலாம். பேந்து அது சுடாது, வெறும் இரும்பு. தம்பி ஓம் எண்டா நான் செய்வன்."

"பிள்ளை மாதிரிப் பாத்தனான் அண்ணை, அதைக் கொல்லச் சொல்லுறியளோ?"

"உங்களுக்கு எத்தனை பிள்ளை?" என்று கேட்டேன்.

கறை எடுக்க மட்டும் விட்டுவிட்டு வந்தோம். நூற்றிருபது டொலர். ஆற்றுக்கு அப்பால் லாவாலுக்குப் படகில் கூட்டிப்போவதாக மகளுக்குச் சொல்லியிருந்தோம், போகவில்லை. தீவு அழகானதாம். நான் பார்க்கவில்லை.

இப்படியான இடங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டாம் என்பார்கள். கொண்டுபோங்கள். என் மகள் வராதிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. வீட்டில் பூட்டு இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். பூட்டின் திறப்பை நீங்களே கையில் வைத்திருங்கள்.

வரும் சனிக்கிழமை சுதன் அதைத் திருப்பி எடுக்கப் போகிறார். வெல்ட் பண்ண அவர் ஓம் என்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் யாரையாவது இதற்குச் சம்மதிக்க வைத்திருந்தால், என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்? வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் எழுதுங்கள்.