ராஜாவுக்கு எடுத்துக் கொடுப்பவர்

"சேத்தூர் பஸ் எப்ப..."

"எப்ப வரும்னு கேக்கீக. நாலு இருபது. அடுத்தது, உக்கார எடம் கிடைக்குமாம்பீக. கிடைக்காது."

கேட்டவர் வாயை மூடுவதற்குள் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டின் டைம் கீப்பர் ஐயாதுரை விசிலை ஊதிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார். பிறர் தொடங்கும் வாக்கியத்தை முடித்து வைப்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம். துக்க வீட்டில் யாராவது "எப்பேர்ப்பட்ட மனுசன்..." என்று ஆரம்பித்து விம்மினால், "இப்படிப் பொசுக்குனு போயிட்டாரே" என்று மீதியை இவர் தருவார். கோயிலில் அர்ச்சகர் நடுவில் மூச்சு வாங்கினால்கூட இவர் உதடு துடிக்கும். மனைவி வெள்ளத்தாய் அவரோடு சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். "நான் திட்ட வேண்டியதையும் அவியளே திட்டிக்கிடுதாக. பொறவு எனக்கு என்ன சோலி?" என்பாள்.

பழக்கம் நாடகத்தில் வந்தது. பஸ்கள் போக மீதி நேரமெல்லாம் அவர் ‘பேரேரி கண்ட பெருவேந்தன்’ நாடகத்தின் ஆள். தபாலாபீஸ் காசிராஜன் எழுதியது. ஐந்து மணி நேரம், முப்பத்திரண்டு பாத்திரங்கள், மேடையில் நிஜமான மாட்டுவண்டி. கண்மாய் கட்டுவதற்காக ஒரு கிராமத்தையே தண்ணீருக்குள் விட்ட மன்னனின் கதை. மன்னனாக நடித்தவர் நூற்பாலை ஃபிட்டர் சங்கிலிப்பாண்டி. மில் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போகும். ஒரே ஒரு குறை, வசனம் மட்டும் அவருக்குத் தங்காது. பன்னிரண்டு வருஷமாகச் சைடு படுதாவுக்குப் பின்னால் நோட்டோடு நின்று ஒவ்வொரு வரியையும் ஐயாதுரைதான் எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு ‘அந்தோ’ விட்டுப்போனாலும் ஒரு வாரத்துக்குச் சங்கிலிப்பாண்டியின் முகத்தில் விழிக்க மாட்டார். "நான் இல்லேன்னா ராசா ஊமைலே" என்று அவர் பெருமையடித்துக்கொள்வதை யாரும் மறுத்ததில்லை. அது உண்மை, மறுத்து என்ன செய்ய?

தொண்ணூற்று மூன்றில் கல்யாண வீடியோ எடுக்கும் அபுபக்கர் ஊரில் கேபிள் இழுத்தார். சொந்தமாக ஒரு தொடர் காட்டினால் கனெக்ஷன் கூடும் என்று நாடகத்தைக் கேட்டார். ஏழு ஞாயிற்றுக்கிழமை, வாரம் அரைமணி நேரம். காசிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்துப் பாத்திரங்களை வெட்டினார். மாட்டுவண்டியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அபுபக்கரிடம் வெட்டி ஒட்டுகிற வசதியெல்லாம் கிடையாது. தாலி கட்டுவதை எடுப்பதுபோல நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே போவார். போர் ஆலோசனைக் காட்சியின் நடுவில் பழக்க தோஷத்தில், "எல்லாரும் இங்க பாத்து லேசா சிரிங்க" என்று சொல்லிவிட்டார். தளபதிகள் சிரித்தார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மைக் கேமராவிலேயே இருந்தது, கேமராவை ஒட்டி ஐயாதுரை இருந்தார். முதல் வாரம் ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்டது, முதலில் ஐயாதுரையின் கீச்சுக் குரலில், அப்புறம் மன்னனின் கர்ஜனையில். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. ஒரு தடவை நீங்க இல்லாம எடுத்துப் பாப்பமா?" என்றார் அபுபக்கர்.

"தாராளமா எடுங்க" என்றார் ஐயாதுரை, நடக்கப்போவது தெரிந்தவராக.

எடுத்துப் பார்த்தார்கள். சங்கிலிப்பாண்டி சிம்மாசனத்தில் உட்கார்ந்து மீசையை முறுக்கினார். முறுக்கிக்கொண்டே இருந்தார்.

மறைக்க முடியாததைக் காட்டிவிட்டால் என்ன என்று கடைசியில் அபுபக்கருக்கே ஒரு யோசனை உதித்தது. ஐயாதுரைக்கு ஜரிகைத் தலைப்பாகை கட்டி, மந்திரியாக்கி, மன்னனின் காதோரம் நிறுத்திவிட்டார். மந்திரி குசுகுசுவென்று ஓத, மன்னன் முழங்க, தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. சேத்தூர் பஸ்ஸுக்கு நின்ற பூக்காரி பாலம்மாள் இவரைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திட்டினாள். "ஊரையே தண்ணியில முக்குன பாவி! அந்த ராசா நல்ல மனுசன். நீதாம்யா காதுல ஓதி ஓதிக் கெடுத்தே!" ஐயாதுரைக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

காசிராஜனுக்கோ வயிறு எரிந்தது. "பன்னெண்டு வருசமா ராசாவா இருந்தவனை அஞ்சே வாரத்துல கிளிப்பிள்ளை ஆக்கிட்டீகளே!" என்றார். ஏழாம் வாரத்துக்கு மிச்சமிருந்தது, மூழ்கிப்போன உழவனின் தாயிடம் மன்னன் மன்னிப்புக் கேட்கும் காட்சி. அந்த ஒன்றுக்காகத்தான் நாடகத்தையே எழுதினேன் என்பார் அவர். "அதுல மந்திரி நிக்கப்படாது. நின்னா மன்னிப்புக் கேக்கது ராசாவா, மந்திரியா?"

"அண்ணாச்சி இல்லாம எனக்கு ஒரு சொல்லு வராதே" என்றார் சங்கிலிப்பாண்டி, அழாத குறையாக.

நாலு நாளாக ஐயாதுரைக்குச் சோறு இறங்கவில்லை. ராஜா ஊமையாக நின்றுவிட்டால் ஏழு வார உழைப்பும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். ராஜா தானாகவே பேசிவிட்டாலோ, இந்தப் பன்னிரண்டு வருஷமாக ஐயாதுரை எதற்கு? எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே அவருக்குத் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் படப்பிடிப்பு. தாயாக நடித்த ஆஸ்பத்திரி ஆயா கிருபாபாய் தலையை விரித்துப் போட்டுக் கரையில் உட்கார்ந்தார். அபுபக்கர் கேமராவைத் தோளில் ஏற்றினார். ஐயாதுரை தம் உதட்டை நம்பவில்லை. யாரும் சொல்லாமலே நோட்டை எடுத்துக்கொண்டு கரையின் மறுபக்கச் சரிவில் இறங்கி, தேவைப்பட்டால் நிற்கலாம் என்று போட்டிருந்த மந்திரி வேஷத்தோடு கருவேல முள்ளுக்கு நடுவே குந்திக்கொண்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மேலே சங்கிலிப்பாண்டியின் குரல் எழுந்தது.

"அன்னையே! அலைகடல் சூழ் அவனியை ஆளும் யான்..."

மில்லில் ஷிப்டு ஷிப்டாகச் சொல்லிப் பார்த்த வரி. அதோடு நின்றுவிட்டது.

அடுத்த சொல் ஐயாதுரையின் பல் வரைக்கும் வந்துவிட்டது. இருந்த இடத்திலிருந்தே கொடுத்துவிடலாம், காதில் விழுகிற தூரம்தான். கொடுத்தால் மைக்கிலும் விழும். துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. மேலே காற்று மட்டும் இரைந்தது.

"ஆத்தா..."

சங்கிலிப்பாண்டிதான். ஆனால் கர்ஜனை இல்லை. வீட்டில் பேசுகிற குரல்.

"என்னத்தச் சொல்ல ஆத்தா. தப்புப் பண்ணிட்டேன். ஒம் மகன் எப்படி இருப்பான்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு வாட்டி அவன் மொகத்தைப் பாத்திருந்தா... கண்மாயே கட்டிருக்க மாட்டேன்."

நாடகப்படி கிருபாபாய் சாபம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. அவர் அழுவது சரிவு வரைக்கும் கேட்டது. அபுபக்கர் கேமராவை நிறுத்தவில்லை.

நோட்டில் அந்த இடத்தில் பதினொரு வரி செந்தமிழ் இருந்தது. ஐயாதுரை அங்கிக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தார். பதினொன்றையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். பிறகு நோட்டை முழங்காலில் வைத்து, மேலே கேட்டதை ஒரு சொல் விடாமல் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். ‘என்னத்தச் சொல்ல ஆத்தா...’