மாஸ்டர் போடாத ஊசி

அந்த ஓட்டல் சமையலறையில் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்தாலும் முகம் சுளிக்காத ஆள். அப்பேர்ப்பட்டவருக்கு ஊசி என்றால் மட்டும் தொடை நடுங்கும். இது அவர் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஃப்ளூ தடுப்பூசி போட நர்ஸ் கடைக்கே வந்த அன்று, மாஸ்டர் நைசாக ஸ்டோர் ரூமுக்குள் நழுவினார். விரலில் கத்தி பட்டால் ஒட்டுகிற பிளாஸ்திரியில் ஒன்றைத் தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டியபடி வெளியே வந்தார்.

"நான் காலையிலேயே கிளினிக்ல போட்டுட்டு வந்துட்டேன். எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. போங்கப்பா, வரிசையில நில்லுங்க!"

எல்லோரும் நின்றார்கள். பாத்திரம் கழுவுகிற பெண் மட்டும் அன்று லீவு. மாசமாக இருந்தாள். மாஸ்டர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் வேலைக்கு வந்தவளிடமும் அதே கதையைத்தான் அளந்தார்.

கொஞ்ச நாளில் மாஸ்டருக்கு ஃப்ளூ காய்ச்சல் கண்டது. வீட்டில் படுத்திருக்கலாம். தான் இல்லாமல் அடுப்பு எரியாது என்ற வீண் ஜம்பம் விடவில்லையே! இருமிக்கொண்டே கரண்டி பிடித்து, கடைசியில் அடுப்படியிலேயே சுருண்டு விழுந்தார். அதுவரை வேளாவேளைக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தவள் அந்தத் தங்கச்சிதான்.

அவர் தேறி வேலைக்கு வந்த பிறகு, விட்டுப்போனவர்களுக்காக நர்ஸ் மறுபடி வந்தார்.

"எனக்கு வேணாம் சிஸ்டர்," என்றாள் அவள். "மாஸ்டருக்கு ஊசி போட்டும் காய்ச்சல் ஆளையே சாய்ச்சிருச்சு. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எனக்கு எதுக்கு வம்பு?"

"போட்டாலும் சிலருக்கு வரும்மா. ஆனா பெரும்பாலும் இவ்வளவு முத்தாது. மாசமா இருக்கறவங்கதான் முக்கியமா போட்டுக்கணும்."

அவள் அசையவில்லை. நர்ஸ் பெட்டியை மூடப்போனார்.

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். இப்போது வாயைத் திறந்தால் இத்தனை நாள் கட்டிக்காத்த மானம் கப்பலேறிவிடும். திறக்காவிட்டால், இவளுக்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால், அந்தப் பாவம் தன் தலையில்தான்.

"மூடாதீங்க சிஸ்டர்," என்றார். "நான் போட்டுக்கவே இல்ல. பயம். வெறும் பிளாஸ்திரிதான் ஒட்டிக்கிட்டேன்."

சப்ளையர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும், அதை அவரால் தாங்க முடிந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நீங்க போட்டிருக்கீங்கன்னு நம்பித்தானே அண்ணே, இருமுறப்பகூட உங்க பக்கத்துலயே நின்னேன்?"

மாஸ்டர் கூனிக்குறுகிப் போனார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்து மாஸ்டர் உட்கார்ந்தார். அவர் கை வெடவெடவென்று நடுங்கியதைச் சமையலறையே வேடிக்கை பார்த்தது. அவள் மட்டும் திரும்பாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.