பற்றுகை: பூட்டிய வீடும் அதை வாங்க வந்தவரும்

எல்லா உயிர்க்கும் இருப்பிடமாய் நின்று, தனக்கென ஒரு கதவிலக்கமும் வேண்டாத பரம்பொருளின் திருவடிகளை முதலில் வணங்குகிறேன். வரி பாக்கி இல்லாதவன் அவன் ஒருவனே. மற்றவர்கள் என்றாவது ஒருநாள் என் மேசைக்கு வந்தே ஆக வேண்டும்.

அபுதாபியை அடுத்த முசஃபாவில், கராஜ்களுக்கு நடுவே உள்ள டைப்பிங் சென்டர் ஒன்றில் விசாப் படிவம் நிரப்புவது என் வேலை. ஊரில் பத்திர எழுத்தராக இருந்தவன் என்பதால், வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வரும் வீடுமனைகளின் காகிதங்களைப் படித்துச் சொல்லும் பணியும் கூடவே ஒட்டிக்கொண்டது. இங்கே வெயிலில் நின்று ஊரில் ஒரு கூரைக்கு ஆசைப்படும் தோழர்களே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல! ஜப்தி என்று நாம் சொல்வதைச் சட்டத் தமிழ் 'பற்றுகை' என்கிறது. பற்றை அறுக்கச் சொல்லும் பதிகங்களைக் காலையில் ஓதிவிட்டு, பகல் முழுதும் பற்றுகை அறிவிப்புகளைப் படிக்கும்படி என்னை அமர்த்தியவனுடைய குறும்பை எண்ணி இன்றளவும் வியக்கிறேன்.

துருப்பிடித்த பூட்டு

மாரியப்பன் வெல்டர். எங்கள் தெருவின் கடைசியில் உள்ள கராஜில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். திண்டுக்கல்லில் அவர் மனைவியும் இரண்டு பெண்களும் வாடகை வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்காரர் தம் மகன் திருமணத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் அடுத்த தெருவில், பல ஆண்டுகளாகப் பூட்டிக்கிடந்த ஓட்டு வீடு ஒன்று சொத்துவரி பாக்கிக்காகப் பற்றுகை செய்யப்பட்டு ஏலத்துக்கு வருவதாக அவர் மனைவி அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பினார். அறிவிப்பு கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது. உடைமையாளர் பெயர் அ. செல்வராஜ், வெளிநாட்டில் இருப்பதாகத் தெரிகிறது என்று கீழே ஒரு வரி.

காகிதங்கள் சுத்தமாகவே இருந்தன. ஆயினும் ஒன்றை எச்சரித்தேன்: ஏல நாளுக்கு முன் உடைமையாளர் வந்து பாக்கியைக் கட்டிவிட்டால் ஏலமே நின்றுவிடும். மாரியப்பன் கைப்பேசியில் அந்தக் கதவின் படத்தை விரித்துப் பூட்டைக் காட்டினார். "இந்தத் துருவைப் பாருங்கய்யா. இதுக்கு ஒருத்தன் சாவியோட வருவான்னா நினைக்கிறீங்க? என் பிள்ளைங்க ரெண்டும் எந்த ரூம் யாருக்குன்னு இப்பவே சண்டை போட்டுக்கிட்டிருக்குதுங்க!"

சோலைக்கு ஒரு வரி

அதே வாரம் அபுதாபி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் வந்தார். தந்தையார் வீட்டுக்குச் சோலைவரி கட்டவில்லை என்று ஊரிலிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். திருத்தலம்தோறும் சோலையைப் பாடிய அடியார்களை ஓதி வளர்ந்த எனக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. சோலைக்கும் வரி விதிக்கும் அரசு ஒன்று உண்டோ என்று வியந்து, தாளை எடுத்து, "சோலையில் எத்தனை மரம் இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு முருங்கை நிண்டது, ஐயா. அதையும் போன காத்து முறிச்சுப்போட்டுது" என்றார். அப்படியானால் கவலை இல்லை, மரமே இல்லாத இடத்துக்குச் சோலைவரி செல்லாது என்று மனு எழுதிவிடலாம் என்றேன். பாதி மனுவையும் எழுதிவிட்டேன். நம்மூரில் சொத்துவரி என்பதைத்தான் அங்கே சோலைவரி என்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் மனுவை எடுத்து மெல்லப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது வீட்டுக்குப் போடுற வரி, ஐயா. மரமில்லையெண்டு எழுதினா விடுவினமோ? உங்கட ஊரில தண்ணிவரிக்குத் தண்ணி வரேல்லையெண்டு எழுதினா விடுறவையோ?"

எட்டடிப் பற்று

கத்தாரில் ராஸ் லஃபானிலிருந்து தொலைபேசியில் பேசிய பொறியாளர் வேறு வகை. அமெரிக்காவில் யாரோ கட்டாமல் விட்ட சொத்துவரியை இணையவழி ஏலத்தில் இவர் கட்டி, அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தார். உடைமையாளர் பின்னர் பாக்கியைச் செலுத்தினால் இவருக்குப் போட்ட தொகை வட்டியோடு திரும்பும். செலுத்தவே இல்லையென்றால், அங்குள்ள சட்டப்படி அடுத்த படிகளை ஏறிச் சொத்தையே கேட்கலாம். இவர் முதல் படியிலேயே நின்றுகொண்டு, தலைவாசலை எந்தத் திசையில் வைக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.

வரைபடத்தை அனுப்பச் சொன்னேன். இரண்டு வீடுகளுக்கு நடுவே, எட்டடி அகலத்தில், வால்போல் நீண்ட ஒரு துண்டு. "தம்பி, உம் கையில் இருப்பது வீடு அன்று, ஒரு வீணான சந்தின் மேல் வெறும் பற்றுரிமை" என்றேன். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அதற்கு எந்த நூலிலும் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. "அந்த ஆள் வரியைக் கட்டிடக் கூடாதுன்னு டெய்லி பிள்ளையாரைக் கும்பிட்டேன், சார். இப்போ கட்டிடணும்னு கும்பிட்டா அவர் குழம்பிட மாட்டாரா?"

கார்டில் உள்ள பெயர்

மாரியப்பனின் ஏலத்துக்கு ஆறு நாள் இருந்தது. முன்பணம் ஆயத்தம், லீவும் கிடைத்துவிட்டது. கண்பட்டுவிடும் என்று வீட்டைப் பற்றி ரூமில் யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. அன்று காலை அதே கராஜின் எலெக்ட்ரீஷியன் அருணாசலம் விசா புதுப்பிக்க வந்தார். அவரும் மாரியப்பனும் ஒரே ரூம். ஆறு ஆண்டுகளாக ஒன்றாகச் சமைத்து உண்பவர்கள். மனைவி மக்கள் கோயம்புத்தூரில் இருப்பதால் அவர் பேச்சிலும் எப்போதும் கோயம்புத்தூர்தான்.

கடவுச்சீட்டைத் திறந்தேன். குடும்பப் பெயர் அருணாசலம், இயற்பெயர் செல்வராஜ். கடைசிப் பக்கத்தில் முகவரி: திண்டுக்கல், அதே தெரு, அதே கதவிலக்கம். தந்தை பெயரை நாம் ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துக்கொள்கிறோம். கடவுச்சீட்டு அதை விரித்துப் பின்னால் வைக்கிறது. அரபு நாடு அதையே பிடித்து அழைக்கிறது. செத்துப்போன தந்தையின் பெயருக்குத் திரும்பிப் பார்த்தே பாதி ஆயுளைக் கழிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஒருவர் கடவுச்சீட்டில் கண்டதை இன்னொருவரிடம் சொல்வது என் தொழிலுக்கு அடாது. சொல்லாமல் ஏலத்தை நடக்க விடுவதோ அதனினும் அடாது. ஆதலால் அருணாசலத்திடமே, "திண்டுக்கல் வீட்டுக்கு வரி கட்டுகிறீர்களா?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விந்தையாக இருந்தது. "அப்பா போன உடனே தண்ணி கனெக்‌ஷனையும் கரண்டையும் எழுதிக் குடுத்துக் கட் பண்ணிட்டேனே, ஐயா. ஆளில்லாத வீட்டுக்கு என்ன வரி?"

ஒரே தட்டு

அறிவிப்பைக் காட்டியதும் அவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். தந்தை தம் கையால் சுவரெடுத்துக் கட்டிய வீடாம் அது. ஏலம் எடுக்க இருப்பவரும் இந்தத் தெருவிலேயே இருக்கிறார், அவரிடம் சொல்ல அனுமதி தருவீரா என்றேன். தலையசைத்தார். மாரியப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "என்னய்யா, டேட் மாத்திட்டானா?" என்று வந்தவர் முன் ஏல அறிவிப்பையும் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்தேன்.

பார்த்தார், மறுபடியும் பார்த்தார். வீடு போயிற்று என்பது உடனே விளங்கியிருக்கும். ஆயினும் அவர் கேட்டது வேறு. "ஆறு வருசமா ஒரே தட்டுல சாப்பிடுறோம். உம் பேரு இதுன்னு ஒரு நாள்கூட எங்கிட்டச் சொல்லலையேடா."

"யாரு கேட்டா? வந்த அன்னைக்கு போர்மேன் கார்டைப் பார்த்து அருணாசல் பாய்னு கூப்பிட்டான். திரும்பினேன். அன்னையிலேருந்து நீயும் அதையே சொல்லிக் கூப்பிட்டே."

"எம் பிள்ளைங்களுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?" என்றார் மாரியப்பன். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அன்றிரவு அந்த ரூமில் முதன்முறையாக இரண்டு அடுப்பு எரிந்ததாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாம் நாள் செல்வராஜ் பாக்கி முழுவதையும் செலுத்திய ரசீதோடு வந்தார். அதன் நகலை மாரியப்பனுக்காக எடுக்கச் சொன்னார். பின்னாலேயே மாரியப்பனும் வந்து நின்றார். விடுப்பை ரத்து செய்யும் கடிதம் எழுத வேண்டுமாம். செல்வராஜ் அவரை நேராகப் பார்க்காமல் என்னிடம் பேசினார்: "ஐயா, இவன் லீவைக் கேன்சல் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க. போய்ப் பூட்டை உடைச்சு அப்பா வீட்டுல குடியேறட்டும். பூட்டி வெச்சுத்தானே அது நோட்டீஸ் ஒட்டுற பலகை ஆச்சு? ஏதோ ஒரு வாடகை குடுக்கட்டும். ஒரே கண்டிஷன்: வரியையும் இவன்தான் கட்டணும், எனக்கு மறந்துபோகும்."

மாரியப்பன் கடிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது இது: "வாடகையும் நான் குடுத்து, வரியும் நானே கட்டி, பூட்டையும் நானே உடைக்கணுமாம். இதுக்கு ஏலத்துலயே மலிவா முடிச்சிருப்பேனேடா, செல்வராஜு!"

இத்தொழிலில் நான் கற்றதெல்லாம், பூட்டிய வீட்டைப் பற்றிக்கொள்வதில் நகராட்சி காட்டும் சிரத்தையை நாம் இறைவன் திருவடியிடம் காட்டியிருந்தால் எல்லாரும் என்றோ கரையேறியிருப்போம் என்பதே. இதைப் படிப்பவர்க்கும், படிக்கக் கேட்பவர்க்கும், ஊரில் அவர்கள் வழி பார்த்திருப்பவர்க்கும் மழை ஒழுகாத கூரையும், திறந்த கதவும், தம் சொந்தப் பெயரால் அழைக்க ஒருவரும் என்றென்றும் வாய்க்க எல்லாம் வல்லவன் அருள்வானாக.