கிணற்றுக்கார ராபினும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலும்

திண்டுக்கல் நத்தம் ரோட்டுப் பக்கம் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் கழன்று விழுந்தாலும் ராபினுக்குத்தான் போன் வரும். இடுப்பில் கயிறு கட்டி, வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குவார். சேற்றில் துழாவி மோட்டாரைக் கட்டிவிட்டுக் கயிற்றை இழுத்துச் சாடை காட்டுவார். மேலே நிற்பவர்கள் தூக்குவார்கள். ஊரெல்லாம் ஆழ்துளைப் போர் போடப் போடக் கிணறுகள் வற்றின, அந்த வேலையும் வற்றியது. அப்போதுதான் மதுரை ஏஜெண்டு ஒருவர், இந்தோனேசியாவில் துறைமுகத்தில் கப்பல் அடிப்பாகம் சுத்தம் செய்யும் வேலை என்று சொல்லி வந்தார்.

மனைவி அனிஷாவுக்கு மனசே இல்லை.

"கெணறுன்னா நாலு பக்கமும் செவரு இருக்கு. கடலுக்கு என்னங்க இருக்கு?"

"துறைமுகத்துலதான் வேலையாம். ஒரு வருசம், ஓடிப்போயிரும்."

போய்ச் சேர்ந்த இடத்தில் துறைமுகம் இல்லை. கரையே தெரியாத ஜாவாக் கடலில், கிரேன் வைத்த ஒரு தட்டைப் படகில் இறக்கிவிட்டார்கள். பாஸ்போர்ட்டையும் போனையும் முதலாளி வாங்கிப் பூட்டி வைத்தார். அந்தப் படகில் தமிழ் பேசியவர் ஒரே ஒருத்தர், பினாங்குக்காரர் இஷாக். காற்று மெஷினை ஓட்டுவது அவர் வேலை. முதல் நாள் ராபினின் குழாயைச் சரிபார்த்துக்கொண்டே, "கீழ என்ன கெடந்தாலும் கேள்வி கேக்காத தம்பி" என்றார்.

மூன்று பனைமரம் அடுக்கின ஆழம். ராபின் அதுவரை இறங்காத ஆழம். அடியில் நீளமாக, ஒடுக்கமாக ஒரு இரும்பு உடம்பு ஒருச்சாய்ந்து கிடந்தது. பாசி மூடிய அதன் வாலில் வெண்கல விசிறி இருந்தது. அதை அறுத்து எடுப்பதுதான் வேலை. ராபினும் ஹர்தோனோ என்ற ஜாவாக்காரரும் மாறி மாறி இறங்கி அறுத்தார்கள். கிரேன் அதைத் தூக்கிய அன்று படகில் எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ராபின் கேட்டேவிட்டார். "பாய், அது என்ன கப்பல்? ஒரு ஜன்னலைக் காணோம்."

இஷாக் முதலாளி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நீர்மூழ்கி. ஜெர்மன்காரனோடது. சண்டைக் காலத்துல பிரான்சுத் துறைமுகத்துலேர்ந்து கெளம்பி, ஆப்பிரிக்காவச் சுத்தி நம்ம கடலுக்கு வந்துச்சு. அரபிக் கடல்ல சரக்குக் கப்பலா தேடித் தேடி அடிச்சுச்சு. ஒரு கப்பல்ல கரி அள்ளிப் போட்டவங்க பூரா நம்ம தேசத்து ஆளுங்க. ஒருத்தனும் மிஞ்சலையாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடிச்சுட்டு நேரா பினாங்குக்குத்தான் வந்துச்சு. அப்ப எங்க ஊரு ஜப்பான்காரன் கையில இருந்துச்சு. எங்க வாப்பா துறைமுகத்துல கூலி. அந்தக் கப்பலுக்குள்ள ரப்பரும் ஈயமும் ஏத்துனவங்கள்ல அவரும் ஒருத்தர். தாடி வச்ச சின்னப் பையனுங்களா இருந்தானுங்க, ஊருக்குப் போற சந்தோசத்துல பாடிக்கிட்டே இருந்தானுங்கன்னு சொல்வாரு. கெளம்பி இம்புட்டு தூரந்தான் வந்தானுங்க. எதிரியோட நீர்மூழ்கி இங்க காத்துக் கெடந்துச்சு. ஒரே அடி, முன்பக்கம் கிழிஞ்சுபோச்சு. சில பேரு தப்பி மேல வந்தாங்க."

"மத்தவங்க?"

"உள்ளதான் இருக்காங்க. அவனுங்க கொண்டு வந்த குண்டும் உள்ளதான் இருக்கு. டார்பிடோ. வெடிக்காதது."



அடுத்த நாள் முதலாளி கப்பலின் உள்ளே போகச் சொன்னார். ஈயக் கட்டிகள் வேண்டுமாம். கிழிந்த ஓட்டை வழியாக ராபின் நுழைந்தார். விளக்கு வெளிச்சத்தில் வண்டல் புகையாக எழும்பியது. ஒரு கட்டிலின் இரும்புச் சட்டம். அதற்குக் கீழே இரண்டு செருப்புகள், தோல் செருப்புகள், பக்கத்தில் பக்கத்தில், யாரோ கழற்றி வைத்ததுபோல. தள்ளி இன்னும் ஒரு ஜோடி. அதன் அருகில் வண்டலுக்குள் நீண்டு கிடந்தது எலும்பு என்று புரிந்ததும் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்.

மேலே வந்து, "அது கல்லறை. நான் இனி உள்ள போகமாட்டேன்" என்றார். இஷாக் மலாயில் சொன்னார். முதலாளி கத்தவில்லை. ஆள் போகாவிட்டால் வெடி வைத்துப் பிளப்பேன் என்று மட்டும் சொன்னார்.

தோட்டா வைத்துப் பாறையைப் பிளந்து கிணறு வெட்டுவதை ராபின் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். "பாய், டார்பிடோ கிட்ட தோட்டா வச்சா கீழ இருக்கறது அம்புட்டும் சேந்து வெடிக்கும். நாம அதுக்கு நேர் மேல இருக்கோம்னு சொல்லுங்க!"

இஷாக் சொன்னார். முதலாளி கேட்கவில்லை. ஹர்தோனோ வெடிப் பையோடு இறங்கினார். பையிலிருந்து ஒயர் மேலே வந்து முதலாளியின் காலடியில் இருந்த பேட்டரிக்கு அருகில் கிடந்தது.

நேரம் போனது. ஹர்தோனோவின் கயிற்றை இழுத்தால் பதில் இல்லை. எங்கோ சிக்கி விறைத்து நின்றது. அந்த நேரத்தில்தான் வடக்கே காவல் படகு ஒன்று புள்ளியாகத் தெரிந்தது. அனுமதி இல்லாத அறுப்பு என்பதால் முதலாளியின் முகம் மாறியது.

"ஆள் செத்துட்டான், வெடிச்சுட்டுக் கெளம்பலாங்கறான் மொதலாளி" என்றார் இஷாக். 

குழாயை வாயில் வைக்கப் போன ராபின் நிறுத்தினார். "நான் எறங்குறேன். காத்த நிறுத்திராதீங்க. அந்த ஒயரு பேட்டரியத் தொடாமப் பாத்துக்கங்க பாய். உங்களத்தான் நம்பி எறங்குறேன்."

"போ தம்பி. நான் இருக்கேன்."

ஹர்தோனோ உயிரோடு இருந்தார். இரும்புத் தகடு ஒன்று சரிந்து காலை அமுக்கியிருந்தது. ராபினைப் பார்த்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ராபின் அவர் கையை விலக்கி முதலில் ஒயரைத் தேடினார். ஒரு தப்பான இழுப்பு போதும். எந்த நொடியில் மேலே அந்த முனை பேட்டரியைத் தொடும் என்று தெரியாமல், கத்தியை வைத்து ஒரு இழையை அறுத்தார். பிறகு மற்றொன்றை. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிட்டுக் கட்டிலின் சட்டத்தைப் பிடுங்கித் தகட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். சட்டம் வளைந்தது. தகடு அசைந்தது. மறுபடி நெம்பினார். கால் வெளியே வந்தபோது தண்ணீரில் ரத்தம் கறுப்பாகப் பரவியது.

உடனே மேலே போகவும் முடியாது. அந்த ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி ஆளை முடக்கிவிடும். பாதி வழியில், கயிற்றைப் பிடித்து இருவரும் தொங்கினார்கள். காற்று மெலிந்தது, பிறகு வந்தது, மறுபடி மெலிந்தது. மேலே ஏதோ ரகளை என்று ராபினுக்குப் புரிந்தது. அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் மறந்துபோனது. அப்போது அவர்களுக்குப் பக்கத்தில் கனமான ஏதோ ஒன்று குமிழ் விட்டபடி இறங்கி இருட்டுக்குள் போனது.

அது பேட்டரி. இஷாக் தூக்கிக் கடலில் வீசியிருந்தார். முதலாளியின் ஆட்கள் அவரை அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டே காற்று மெஷினைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். ராபின் ஹர்தோனோவோடு தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கியபோது இஷாக்கின் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. காவல் படகு பக்கத்தில் வந்துவிட்டது.

விசாரணை, காவல், தூதரகம் என்று பல வாரம் இழுத்து ராபின் திண்டுக்கல் வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டில் அனிஷா காத்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டாள். ராபினின் இடது தோளில் ஒரு குடைச்சல் தங்கிவிட்டது. ஆழத்துக்கு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இப்போது ஊருக்குள் பம்புசெட் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறார். கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் மட்டும் செத்த நேரம் நின்றுவிடுகிறார்.

இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கேட்டார்.

"யார் பேருக்கு?" என்றார் சாமியார்.

"பேரு தெரியாது சாமி. கடலுக்கு அடியில கெடக்குற ஜெர்மன்காரங்களுக்கு. அப்புறம் அவங்க மூழ்கடிச்ச கப்பல்ல செத்த நம்ம ஆளுங்களுக்கு."

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். "கொன்னவங்களுக்கும் செத்தவங்களுக்கும் ஒரே பூசையா ராபின்?"

 "எனக்கு வெளக்கத் தெரியல சாமி. நான் அவங்க வீட்டுக்குள்ள போயிட்டு வந்துட்டேன். சும்மா இருக்க முடியல."

சாமியார் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அவரவர் சொந்தக்காரர்களின் சமாதிகளுக்குப் பூ வைத்தார்கள். ராபின் சுவர் ஓரமாக வெறும் தரையில் மெழுகுவர்த்திக் கட்டைப் பிரித்தார். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அனிஷா முந்தானையை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டு, "கொளுத்துங்க" என்றாள்.