கலவாய் மீனின் புழுக்குஞ்சுகள்

எங்கள் கடற்கரையில் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கும் மீனின் வயிற்றைக் கீறமாட்டார்கள். குடலோடு கொடுப்பதுதான் மரியாதை. கீறிக் கொடுத்தால் பழுதை மறைத்தார்கள் என்று கதை வரும். அந்த மரியாதைதான் என் தகப்பனை, எங்கள் ஐயாவை, கெடுத்தது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் முல்லைத்தீவிலிருந்து வட்டக்கச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். புருசன் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் காணி கிடைத்து வந்து வயல் செய்த குடும்பம். நான் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, ஐயா ஈரச்சாக்கில் சுற்றிய பெரிய கலவாயோடு முதல் பஸ்ஸில் வந்தார். மாமி குசினி வாசலில் இருந்து அதை வெட்டினார். குடலைச் சுற்றி நெல்மணி அளவில் வெள்ளை முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே இருந்தது நெளிந்தது.

நாங்கள் என்றால் குடலை நாய்க்கு எறிந்துவிட்டு மீனைக் காய்ச்சுவோம். மாமி முழு மீனையும் தென்னையடியில் புதைத்தார். ஐயா முற்றத்தில் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"பிள்ளைத்தாச்சிக்குப் புழு கொண்டந்திருக்கிறார் கொப்பர். இனி மீன் கொண்டர வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை."

"நீங்களே சொல்லுங்கோ, மாமி. உதிலதானே இருக்கிறார்."

சொல்லத் தேவை வரவில்லை. ஐயா சாக்கை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார். மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு வரும் ஆள் அல்ல அவர். மீன் வேண்டாம் என்றால் அவரும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். மூன்று மாதம் எட்டிப் பார்க்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. நாலைந்து முடிச்சுகளைப் போத்தலில் போட்டு, மறுநாள் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியிடம் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"உதுகள் தட்டைப்புழுவின்ர குஞ்சுகள். மீனுக்குள்ள இருந்து பெரிசாகாது. இந்த மீனைச் சுறா திண்டால், சுறாவின்ர குடலுக்குள்ள போய்த்தான் வளரும். மனிசரை ஒண்டும் செய்யாது. நல்லாக் காய்ச்சித் தின்னுங்கோ."

மனிசருக்குக் கெடுதி இல்லை என்பதை மட்டும் மாமியிடம் வந்து சொன்னேன்.

"அந்தாள் சைவம். மச்சம் தொடாத ஆளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?"

அதற்கு மேல் எந்தப் படிப்பும் அந்த வீட்டில் எடுபடாது.

பிள்ளை பிறந்தது. பால் போதவில்லை.

"சுறா வறை திண்டால்தான் பால் சுரக்கும்," என்றார் மாமி. "கொப்பருக்குச் சொல்லி அனுப்பு. நல்ல பால்சுறாவாப் பாத்துக் கொண்டரட்டாம்."

குஞ்சு வளர்ந்து பெரிதாகும் இடமே சுறாவின் குடல்தான் என்பது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் வாயை அடக்குகிறவள் இல்லை. அன்றைக்கு அடக்கினேன். சொல்லியிருந்தால் சுறாவுக்கும் தடை விழுந்திருக்கும். ஐயா வந்திருக்கமாட்டார்.

வந்தார். இந்த முறை சுறாவைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கொண்டுவந்தார். குடலைக் காணாததால் மாமிக்கு ஒரு பயமும் இல்லை. அவித்து உதிர்த்து எனக்கென்று வறுத்த வறையில் பாதியைத் தானே சாப்பிட்டார்.

"மூண்டு மாசமா எங்க போனனீங்கள், அண்ணை? ரெண்டு நாள் நிண்டு போங்கோவன்," என்றார் மாமி ஐயாவிடம்.

ஐயா பேரனை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "ஓம் தங்கச்சி," என்றார்.